அறிவியல் குறுக்கெழுத்துப் புதிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல், பொறியியல் சொற்களை வைத்துத் தமிழில் குறுக்கெழுத்துப் புதிர் போடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. விடைகளைவிடக் கேள்விகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். நடுநடுவே விடை சொல்லாமல் விட்ட குறிப்புகளும் இருக்கும். அவற்றின் விடை கடைசியில். அடைப்புக்குறிக்குள் உள்ள எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது.

பாடப்புத்தகக் கேள்விக்குக் கட்டம் போட்டுக் கொடுப்பதுதானே இது?

பல புதிர்கள் அப்படித்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. "ஒரு நொடியில் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பது (5)" என்று கேட்டால் அது பரீட்சை. படித்தவர் முடுக்கம் என்று எழுதிவிட்டுப் போவார், மறந்தவர் எழுதாமல் போவார். இரண்டு பேருக்குமே அதில் விளையாட எதுவும் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு வகை. தமிழ்க் கலைச்சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: தடை, விசை, அலை, சுற்று, கரு, வேலை, புலம், கலம். எல்லாம் ஆய்வகத்துக்கு வரும் முன்பே ஊரில் புழங்கிய சொற்கள். அறிவியலில் வேலை கிடைத்ததும் பழைய வேலையை அவை விட்டுவிடவில்லை, இரண்டையும் சேர்த்தே பார்க்கின்றன. நல்ல குறிப்பு கிடைப்பது அந்த இடத்தில்தான். "கதைக்கும் உண்டு, அணுவுக்கும் உண்டு (2)" என்றால் கரு. "அரசு விதிக்கும், கம்பியும் விதிக்கும் (2)" என்றால் தடை. "மறைந்துகொள்ளச் சொல்லும் வெளிச்சம் (2)" என்றால் ஒளி. இயற்பியலில் பட்டம் வாங்கியவரும் வாங்காதவரும் இதில் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இன்னொன்று, இதற்கு விடை சொல்லாமல் விடுகிறேன்: "ஆளைத் தூக்கிக்கொண்டு போய், மின்சாரத்தையும் போகவிடும் (4)".

ஒரு கட்டத்தில் எதை எழுத வேண்டும்?

ஓர் எழுத்தை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றில் எதுவானாலும் ஒரு கட்டம். அறிவியல் சொற்களில் ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளும் தவிர்க்க முடியாமல் வரும், அவற்றுக்கும் இதே கணக்கு.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது புள்ளி வைத்த எழுத்தில். அதுவும் முழு எழுத்துதான். மின்னோட்டம் என்பதை மி, ன், னோ, ட், ட, ம் என்று பிரித்தால் ஆறு கட்டம். கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகைக்கு எழுத்து எண்ணும்போது ஒற்றை விட்டுவிடுவார்கள், இங்கே அந்தச் சலுகை கிடையாது. கொம்பும் துணைக்காலும் தனிக் கட்டம் கேட்காது. "கொ" எழுதும்போது மூன்று உருவமாகத் தெரிந்தாலும் ஒரே கட்டம்தான்.

ஆய்தத்துக்குத் தனிக் கட்டம் கொடுக்கிறேன். எஃகு மூன்று எழுத்து என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஃபாரடேயில்தான் சண்டை. "ஃபா" என்பதைச் சேர்த்து ஒரே ஒலியாக எண்ண வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எஃகுவுக்கு ஒரு சட்டம், ஃபாரடேக்கு வேறு சட்டம் என்று வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். என் புதிரில் ஃபாரடே நான்கு எழுத்து.

ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழ்ச் சொல்லுக்குக் க, குறுக்கே போகும் சொல்லுக்குக் கா. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடுகிற புதிர்களும் உண்டு. நான் விடமாட்டேன். கலம் வேறு, காலம் வேறு.

ஆங்கிலப் புதிரைவிடத் தமிழ்ப் புதிர் ஏன் சின்னதாக இருக்கிறது?

ஆங்கிலத்தில் எலக்ட்ரிசிட்டி 11 எழுத்து, தமிழில் மின்சாரம் 5. ஃபோட்டோசிந்தெசிஸ் 14, ஒளிச்சேர்க்கை 7. ஆங்கில நாளிதழ்களில் 15க்கு 15 கட்டம் வழக்கம் என்றால், நமக்கு 9க்கு 9 தாராளம். 11க்கு 11 போட்டால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் போகும்.

சொற்கள் சின்னதாக இருப்பதால் வேலை சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான். எந்த இரண்டு சொல்லை எடுத்தாலும் ஏதோ ஓர் எழுத்து பொதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நம்மிடம் 247. காந்தமும் வெப்பமும் சந்திக்க "ம்" ஒன்றை விட்டால் வேறு இடம் இல்லை. அதனால்தான் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு சொல்லில் வருகிற மாதிரி நெருக்கமாகப் பின்னிய கட்டம் தமிழில் அரிது. கறுப்புக் கட்டம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

சொற்களைக் கட்டத்தில் கோக்கும்போது தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஏதாவது?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் அதுதான்.

தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. அதனால் புள்ளி வைத்த எழுத்து விழுந்த கட்டத்திலிருந்து இன்னொரு சொல் கிளம்ப முடியாது. காந்தம் என்பதை முதல் வரிசையில் எழுதுங்கள். கா-விலிருந்து கீழே காற்று இறங்கலாம், த-விலிருந்து தகடு இறங்கலாம். ந்-இலிருந்தும் ம்-இலிருந்தும் எதுவும் இறங்காது. நான்கெழுத்துச் சொல்லில் இரண்டு கட்டம் அடைபட்டுப் போனது. அறிவியல் சொற்களில் பாதி உலகம் "ம்"-இல் முடிகிறது: வெப்பம், அழுத்தம், உந்தம், தனிமம், திரவம், உலோகம். எல்லாவற்றுக்கும் வால் ஒன்றே.

தமிழ்ப் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் அதை வெறும் குறும்பு என்று நினைத்தேன். புதிர் போடத் தொடங்கிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. முதல் வரிசையில் ஒரு ம் விழுந்துவிட்டால் அங்கிருந்து எந்தச் சொல்லும் இறங்க முடியாது, ஆனால் கீழேயிருந்து ஏறி வரும் சொல் அங்கே வந்து முடியலாம். அடைபட்ட கட்டத்துக்குப் பின்வாசல் திறந்த மாதிரி. படிப்பவருக்குக் கண் சுழலும் என்பது உண்மைதான். அதனால் ஒரு புதிருக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தலைகீழாக வைப்பதில்லை.

இறக்குமதிச் சொற்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. க்ரோமியம், ஸ்டீல், ப்ரோட்டான் என்று மெய்யில் தொடங்கி எழுதுபவர்கள் உண்டு. வாட், வோல்ட், பைட் என்று வல்லின மெய்யில் முடியும். கோக்கிறவருக்கு இவை வரப்பிரசாதம். அவசரத்துக்கு நானும் எடுத்துக்கொள்வேன், ஆனால் குரோமியம், புரோட்டான் என்ற வடிவம் கைக்கு எட்டும்போது அதைத்தான் வைப்பேன்.

ஓரிரு எழுத்து கிடைத்துவிட்டால் மீதியை ஊகிக்க வழி உண்டா?

உண்டு, இலக்கணமே துப்பு கொடுக்கும். தமிழ்ச் சொல்லில் க், ச், த், ப் ஆகிய நான்குக்கும் அடுத்து அதே வரிசைதான் வரும். க் கிடைத்தால் அடுத்த கட்டம் க, கா, கி என்ற வரிசையில் ஏதோ ஒன்று. ங் கிடைத்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை (தாங்கி, இயங்கி). ந் கிடைத்தால் த வரிசை (காந்தம், இயந்திரம், கந்தகம்). ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: நுட்பம், இயற்பியல் மாதிரிச் சொற்களில் அடுத்து ப வரிசையும் வருகிறது.

இந்த ஒழுங்கு உடைந்தால் அதுவும் ஒரு தகவல். க்-க்கு அடுத்த கட்டத்தில் ரோ விழுந்திருந்தால் அது மைக்ரோ மாதிரி வெளியிலிருந்து வந்த சொல். அகராதியைத் தமிழ்ப் பக்கத்தில் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது, குறிப்பு ஓர் அளவையோ பண்பையோ சொல்கிறது என்றால் பென்சிலால் ம் என்று எழுதிவைத்துவிடுங்கள். பத்துக்கு ஏழெட்டு முறையாவது எனக்குப் பலித்திருக்கிறது.

ஒரு பொருளுக்கு நாலு சொல் இருந்தால் எதை எழுதுவது?

ஆரம்பத்தில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். "மூச்சுக்கு வேண்டிய வாயு (5)" என்று எழுதினேன். என் மனதில் இருந்தது ஆக்ஸிஜன். வந்த விடைகளில் ஆக்ஸிஜன் இருந்தது, ஆக்சிஜன் இருந்தது, பிராணவாயு இருந்தது, உயிர்வளி இருந்தது, இலங்கை வழக்கில் ஒட்சிசன் என்று ஒருவர் எழுதியிருந்தார். எண்ணிப் பாருங்கள். ஐந்துமே ஐந்தெழுத்து! தமிழ் எனக்கென்றே வைத்த பொறி மாதிரி இருந்தது. யாருடைய விடையையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்று, எந்த வகைச் சொல் வேண்டும் என்பதைக் குறிப்பே காட்டிவிட வேண்டும். "தூய தமிழில் மூச்சுக்காற்று" என்றால் உயிர்வளி, "வடமொழி வழியாக" என்றால் பிராணவாயு. இரண்டாவது, சந்தேகம் வரக்கூடிய சொல்லின் நடு எழுத்தில் கட்டாயம் இன்னொரு சொல் குறுக்கே போக வேண்டும். மூன்றாவது கட்டத்தில் ண விழுந்தால் பிராணவாயு, ர் விழுந்தால் உயிர்வளி. ஸியா சியா என்ற சண்டையும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒற்று மிகுமா மிகாதா என்பதும் இதே வகைத் தலைவலி. குறைகடத்தி என்றால் 6, குறைக்கடத்தி என்றால் 7. இரண்டும் அச்சில் இருக்கின்றன. எண்ணைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இலங்கைச் சொல்லும் தமிழ்நாட்டுச் சொல்லும் கலந்து வருமா?

வரும், வரத்தான் வேண்டும். ஆனால் ஜாக்கிரதையாக. தமிழ்நாட்டில் இயற்பியல், வேதியியல் என்பது இலங்கையில் பௌதிகவியல், இரசாயனவியல். இங்கே முடுக்கம், அங்கே ஆர்முடுகல். அழுத்தம் அங்கே அமுக்கம், ஆற்றல் அங்கே சக்தி, திறன் அங்கே வலு. இவையெல்லாம் வேறு வேறு சொற்கள் என்பதால் ஆபத்தில்லை. கொஞ்சம் யோசித்தால் பிடிபடும்.

ஆபத்து ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போது. நிறை என்றால் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது. புவி இழுக்கும் விசைக்குப் பெயர் எடை. இலங்கையில் பருப்பொருளின் அளவுக்குத் திணிவு என்று பெயர், புவி இழுக்கும் விசைக்குத்தான் நிறை. அதாவது "நிலவுக்குப் போனாலும் மாறாதது (2)" என்ற குறிப்புக்கு நிறை என்பது சென்னையில் சரி, யாழ்ப்பாணத்தில் தப்பு. இந்தச் சொல்லை வைக்கும்போதெல்லாம் எந்த வழக்கு என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். குறிப்பின் அழகு கொஞ்சம் குறையும். என்ன செய்வது.

சின்ன விளையாட்டுக்கு இவ்வளவு துல்லியம் தேவையா?

தேவை. புதிரில் படித்த தப்பு மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க நீங்களே கஷ்டப்பட்டிருப்பீர்கள்.

பாதரசத்தை எடுத்துக்கொள்வோம். "அறை வெப்பநிலையில் திரவமாக உள்ள ஒரே தனிமம்" என்று பல இடங்களில் குறிப்பு வரும். புரோமினும் திரவம்தான். சரி, "ஒரே உலோகம்" என்று மாற்றலாம் என்றால் காலியம் 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்று முன்பே உருகிவிடும், உள்ளங்கையில் வைத்தாலே போதும். "வெப்பமானியில் ஏறி இறங்கிய உலோகம்" என்று எழுதினால் வம்பில்லை.

"ஈர்ப்பே இல்லாத இடம்" என்று விண்வெளி நிலையத்தைக் குறிப்பதும் அப்படித்தான். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே புவியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வேகம் வேறு, திசைவேகம் வேறு. நிலவில் ஆறில் ஒரு பங்காகக் குறைவது எடை.

துல்லியம் இருந்தால் வேடிக்கை போய்விடும் என்பது பொய். "பெயரில் காலம், அளப்பது தூரம் (5)". இது நூறு சதவீதம் சரியான குறிப்பு. விடை கிட்டத்தட்ட 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

என்னென்ன வகையில் குறிப்பு எழுதலாம்?

இரட்டைப் பொருள் பற்றி ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன். சிலேடையில் ஊறிய மொழி என்பதால் அதுதான் நமக்குக் கை வந்த கலை. சில சமயம் மூன்று பொருள்கூடக் கிடைக்கும்: "ஒரு கிழமை, ஒரு கோள், ஓர் உலோகம் (3)". இன்னொன்று: "ஆற்றைத் தடுக்கும், விளக்கை நிறுத்தும், குழந்தையைத் தழுவும் (2)". வேற்றுமை உருபை ஒளித்துவைப்பது இன்னும் சுகம்: "வேடன் எதை வளைத்தான்? ஒளியை வளைப்பதைத்தான் (3)". இது வந்த நாளில் எனக்கே என் முதுகைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

சொல்லை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறிப்பு கொடுப்பது அடுத்த வகை. "காலுக்கு ஒரு சாறு, வெப்பமானியில் ஏறும் (5)" என்றால் பாத, ரசம் சேர்ந்து பாதரசம். ஓர் எழுத்தை மாற்றுவது இன்னொன்று: "புருவத்தின் தலையெழுத்து மாறினால் காந்தத்தின் முனை (4)", விடை துருவம். உருவம், பருவம், புருவம், துருவம் என்று முதல் எழுத்து மட்டும் மாறும் குடும்பங்கள் தமிழில் நிறைய.

எழுத்துகளைக் கலைத்துப் போடுவது ஆங்கிலத்தில் முக்கியமான உத்தி. நமக்கு அவ்வளவாக ஒத்துவராது. உயிரும் மெய்யும் ஒட்டியே இருப்பதால் கலைத்தால் அர்த்தமுள்ள சொல் அபூர்வமாகத்தான் வரும். கதவு கலைந்தால் தகவு வரும், சில கலைச்சொல் பட்டியல்களில் தகவு என்றால் விகிதம். இந்த மாதிரி ஒன்று சிக்கினால் பத்திரப்படுத்தி வையுங்கள்.

ஆங்கிலப் புதிரின் குறிப்புகளை மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. ஆங்கிலத்தில் மெர்க்குரி என்றால் கோளும் உண்டு, உலோகமும் உண்டு. தமிழில் புதன் வேறு, பாதரசம் வேறு. மொழிபெயர்த்தால் குறிப்பு செத்துவிடும். பதிலுக்கு நமக்குக் கோள் என்ற சொல்லே ஒரு குறிப்பாக இருக்கிறது: "சூரியனைச் சுற்றும், சொன்னால் குடும்பம் கெடும் (2)".

பட்டறைச் சொற்களைச் சேர்க்கலாமா, கலைச்சொல் மட்டும்தானா?

இயந்திரத்தோடு வேலை செய்கிறவர் பேரிங் என்பார், கியர் என்பார், லேத் என்பார். தாங்கி, பற்சக்கரம், கடைசல் இயந்திரம் என்பவை புத்தகத்தில். இரண்டையும் வைப்பேன். ஒன்றைக் குறிப்பாகவும் மற்றதை விடையாகவும் வைப்பது நல்ல வழி: "பேரிங்குக்குப் புத்தகத்தில் பெயர் (3)". இரண்டு உலகமும் ஒன்றுக்கொன்று அறிமுகமாகிவிடும்.

பழைய கருவிகளில் தமிழ் தானாகவே செழிப்பாக இருக்கிறது. எளிய இயந்திரங்கள் என்று இயற்பியல் வரிசைப்படுத்தும் ஆறில் நெம்புகோல், கப்பி, சாய்தளம், திருகு ஆகிய நான்கும் இருக்கின்றன. சக்கரமும் அச்சும் சேர்ந்து ஐந்தாவது. ஆறாவதற்கு ஒரு குறிப்பு: "மரத்தைப் பிளக்கும், யாராவது வைத்துவிட்டால் நம் பிழைப்பையும் (3)".

சொந்தமாக ஒரு புதிர் போட எங்கே தொடங்குவது?

மூன்றுக்கு மூன்று கட்டத்தில். சிரிக்காதீர்கள், ஒரு புதிரின் எல்லாப் பிரச்சினையும் அதற்குள் இருக்கிறது. நடுக்கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். சுற்றி எட்டுக் கட்டம், நான்கு சொல். மேல் இடது மூலை 1, மேல் வலது மூலை 2, கீழ் இடது மூலை 3.

இடமிருந்து வலம்
1. பறவை கொத்துவது இதால், ஜூலும் வாட்டும் இதுவே (3)
3. போட்டியில் ஒன்றைத் தாண்டினால் அடுத்தது, மின்சாரம் போய்த் திரும்பும் வழி (3)

மேலிருந்து கீழ்
1. சக்கரம் சுழல்வது இதில், புத்தகம் ஏறுவதும் இதில் (3)
2. சின்ன மலை, குறைந்து போ (3)

இதைப் போட எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது. முதலில் அலகை வைத்தேன். அ-விலிருந்து கீழே இறங்கும் சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ அதில்தான் கீழ் வரிசை தொடங்க வேண்டும், அதனால் அது புள்ளி எழுத்தாக இருக்கக் கூடாது. அனல், அகல் எல்லாம் அங்கேயே அடிபட்டுப் போயின. உகரத்தில் முடியும் சொற்கள் கைகொடுத்தன. நான்கில் மூன்று அறிவியல் சொல், நான்காவது வெறும் நிலவியல் அழகு. ஒரு புதிரில் எல்லாச் சொல்லும் அறிவியலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தால், கட்டத்தை நிரப்ப யாருக்கும் தெரியாத சொல்லை எங்கிருந்தோ இழுத்து வர வேண்டியிருக்கும். அதைவிட ஒரு குன்று இருந்துவிட்டுப் போகட்டும். (இரண்டாவதின் விடையைச் சொல்லிவிட்டேன். போகட்டும்.)

கணினியே போட்டுத்தராதா?

கட்டம் நிரப்பித் தரும். ஆனால் தமிழ் எழுத்தை அது எண்ணும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 11 குறியீடு: புள்ளியும் ஓகாரக் குறியும் தனித்தனியே கணக்காகும். ஆங்கிலத்துக்காக எழுதிய நிரலில் அப்படியே தமிழைப் போட்டால் புள்ளி ஒரு கட்டத்தில் தனியாகத் தொங்கும். முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துவிட்டுத்தான் கட்டத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இன்னொரு திருட்டுப் பிழை ஔகாரத்தில். பௌதிகம் நான்கெழுத்து. அதையே சிலர் கொம்பு, ப, அப்புறம் ள என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினி மட்டும் ஐந்து என்று சாதிக்கும். அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் நான் இதைக் கண்டுபிடித்தேன்.

கொடுத்த சொற்பட்டியலை வைத்து ஒரு கட்டத்தை நிரப்ப முடியுமா என்பது கணினி அறிவியலில் மிகக் கடினமான கணக்குகளின் வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டம் பெரிதாகப் பெரிதாக எல்லா நிலையிலும் வேகமாக முடித்துத்தரும் வழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. சின்னக் கட்டத்துக்கு நிரல் போதும். விடை கண்டுபிடிப்பதிலும் கணினி தேறிவிட்டது: மாட் கின்ஸ்பெர்க் உருவாக்கிய டாக்டர் ஃபில் என்ற நிரல் 2021இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் மனிதர்கள் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வாங்கியது. ஆங்கிலத்தில். வேடன் வளைத்ததை அது எப்படிச் சமாளிக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது?

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில். போட்டவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். கட்டம் வைர வடிவில் இருந்தது, பெயர்கூட வேர்ட்-கிராஸ் என்றுதான் இருந்தது, பிறகுதான் திரும்பிக்கொண்டது.

அறிவியலோடு நேரடித் தொடர்பு உள்ள கதை 1942 ஜனவரியில் நடந்தது. லண்டனில் டெய்லி டெலிகிராப் 12 நிமிடத்துக்குள் ஒரு புதிரை முடிக்கும் போட்டி வைத்தது. நன்றாகச் செய்தவர்களில் சிலருக்கு அரசிடமிருந்து கடிதம் போனது. பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலைக்கு. இரண்டு வருடம் கழித்து அதே நாளிதழின் புதிர்களில் யூட்டா, ஒமாஹா, மல்பெரி, நெப்டியூன், ஓவர்லார்டு என்று பிரான்ஸின் நார்மண்டி கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கவிருந்த திட்டத்தின் ரகசியப் பெயர்களே விடையாக வந்தன. புதிர் போட்ட லெனர்ட் டா என்ற தலைமை ஆசிரியரை உளவுத்துறை போய் விசாரித்தது. என்னை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

மாணவர்களுக்குப் பாடமாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், மதிப்பெண் போடாமல். ஒரு சொல்லைத் திரும்பப் படிப்பதைவிட, பாதி மறந்த நிலையில் நினைவிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவருவதுதான் அதை நன்றாகப் பதியவைக்கும். கட்டத்தில் ஓரிரு எழுத்து தெரிவது அந்த இழுப்புக்குக் கயிறு மாதிரி. ஆனால் பாடத்தை நடத்தி முடித்த பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தால் வெறும் ஊகம்தான்.

விடையைப் பார்த்துவிட்டு எழுதினால் தப்பா?

இல்லை. ஒரு சொல் பார்த்தால் நாலு சொல் திறக்கும். நானே பார்ப்பேன்.

மேலே விட்ட குறிப்புகளுக்கு விடை?

ஆளைத் தூக்கிப்போனது கடத்தி. பெயரில் காலம் வைத்துக்கொண்டு தூரம் அளப்பது ஒளியாண்டு. கிழமை, கோள், உலோகம் மூன்றும் வெள்ளி. ஆற்றையும் விளக்கையும் குழந்தையையும் கவனித்துக்கொண்டது அணை. வேடன் வளைத்தது வில்லை (வில் + ஐ), ஒளியை வளைப்பதும் வில்லை, அதாவது லென்ஸ். பேரிங் தாங்கி, பிழைப்பைப் பிளந்தது ஆப்பு. சின்னக் கட்டத்தில் 1 வலமாக அலகு, கீழாக அச்சு, 3 சுற்று, 2 ஏற்கெனவே உளறியது.

போகும் முன் ஒன்று, விடை இல்லாமல்: "மந்திரத்துக்கு முதல், மின்தடைக்கு அலகு (2)".